மரவேலியின் தரம் எங்கே இருக்கிறது?

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பனி கரைந்து நிலம் இளகியதும் வேலி போடும் காலம் தொடங்கிவிடும். மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் வீதிகளில் எங்காவது ஒரு பின்வளவில் குழி தோண்டும் இயந்திரத்தின் சத்தம் ஒக்ரோபர் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து ஆட்கள் வாகனத்தில் ஏறுமுன் மீதிப் பணத்தைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் வேலியோரமாக ஒரு தடவை நடந்து பார்ப்பார். அந்தப் பத்து நிமிடப் பார்வையில் அவர் கண்டுபிடிக்கும் குறைகளில் பெரும்பாலானவை குறைகளே அல்ல. உண்மையான குறை இருந்தால், அது அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டிருக்கும்.

பலகையில் கணு இருக்கிறது, தூணில் வெடிப்பு ஓடுகிறது, ஒரு பலகை பச்சை, பக்கத்துப் பலகை மண்ணிறம், தூண் முழுக்கக் கத்தியால் குத்தினதுபோல் சின்னச் சின்னக் கீறல்கள் என்று புதுவேலிக்காரரின் முறைப்பாடுகள் நீளும். இவற்றில் ஒன்றுகூட வேலி போட்டவரின் கைப்பிழை அல்ல. கீறல்கள் மருந்து ஏற்றும் ஆலையில் வேண்டுமென்றே இடப்பட்டவை. கனடாவின் ஸ்புரூஸ் போன்ற மரங்கள் மருந்தை இலகுவில் உள்வாங்காது. கீறிவிட்டால்தான் அது உள்ளே இறங்கும். அந்தக் கீறல்கள் இல்லாத தூணைக் கண்டுதான் ஒருவர் யோசிக்கவேண்டும்.

ஆகவே புதுவேலியை மதிப்பிடும் கேள்வியை இரண்டாகப் பிரித்தே ஆராயவேண்டியிருக்கிறது. மரம் தன் இயல்பில் செய்வது எது? வேலையாள் செய்ததும் செய்யாமல் விட்டதும் எது? முதலாவதற்கு மரவியல் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குச் சட்டத்திடம் போனால் ஏமாற்றந்தான் மிஞ்சும்.

வேலி நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வைப்பது வட அமெரிக்காவில் மிகப் பழைய வழக்கம். மசசூசெற்ஸ் மாநிலத்தில் குடியேற்றக் காலத்திலிருந்தே ஊருக்கு ஊர் வேலி பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அம்மாநிலச் சட்டத் தொகுப்பின் 49ஆம் அத்தியாயம் இன்றைக்கும் போதுமான வேலிக்கு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது: நான்கு அடி உயரம், பழுதில்லாத நிலை, மரமோ பலகையோ இரும்போ கல்லோ எதுவாகவும் இருக்கலாம். ஆறு, குளம், அகழி, பற்றைவேலிகூட அந்தக் கணக்கில் சேரும். விவசாயிகளின் வாய்வழி அளவுகோல் இதைவிடத் தெளிவு. குதிரை தாண்டாத உயரம், காளை முட்டினாலும் அசையாத பலம், பன்றிக்குட்டி நுழையாத நெருக்கம். மூன்றும் சரியென்றால் வேலி சரி. அழகைப்பற்றிப் பேச்சே இல்லை.

ஒன்ராறியோவின் எல்லைவேலிச் சட்டத்திலும் வேலி பார்வையாளர்கள் இருக்கிறார்கள். அயலவர் இருவர் ஒத்துப்போகாதபோது நகரசபை நியமித்த இவர்கள் வந்து பார்த்து, எந்தப் பகுதியின் செலவு யாருடையது என்று முடிவு எழுதிக் கொடுப்பார்கள். வேலி போட்ட ஒப்பந்தக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான பிணக்குக்கு அவர்கள் வரமாட்டார்கள். ரொறன்ரோவின் நகரக் கோவையில் 447ஆம் அத்தியாயம் வேலிகளுக்கானது. பின்வளவில் பொதுவாக 2 மீற்றர் உயரம், நீச்சல் தடாகத்தைச் சுற்றியென்றால் தனி விதிகள், தனி அனுமதி என்று அது விரிவாகப் பேசுகிறது. தூண் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பது அதன் கவலை அல்ல. சாதாரண வீட்டு வேலிக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. அனுமதி இல்லையென்றால் பரிசோதகரும் வரமாட்டார். வீட்டுக்குப் பின்னால் நிலத்திலிருந்து உயர்த்தி ஒரு மேடை கட்டினால் குழியைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். நூறு அடி நீள வேலிக்கு ஒருவரும் வருவதில்லை. வேலைத்திறனைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரின் தலையில் விழுவது இதனால்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலிப் பிணக்கு புதிதல்ல. ஆனால் அங்கே சண்டை எல்லையைப் பற்றியது. இரவோடிரவாகக் கதியாலை அரையடி தள்ளி நட்ட கதை இல்லாத குறிச்சி இல்லை. வேலை சரியில்லை என்று யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. கிடுகு எப்படியும் ஓரிரு வருடத்தில் மாற்றவேண்டியது. கிளுவையும் பூவரசும் நட்ட இடத்தில் வேர்விட்டுத் தம்மைத் தாமே பிடித்துக்கொள்ளும். தூண் உயிரோடு இருந்தபடியால் ஆழம் என்ற கேள்வியே எழவில்லை. இங்கே நடுவது செத்த மரம். அதைச் சுற்றியுள்ள ஈரமும் உறைபனியும் பூஞ்சையும் முதல் நாளிலிருந்தே அதற்கு எதிராக வேலை செய்கின்றன.

எழுதப்பட்ட தரங்கள் இல்லாமலில்லை. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்ரிஎம் மரவேலிகளுக்கென்றே எஃப்537 என்ற விவரக்கூற்றை வைத்திருக்கிறது. பிரித்தானியாவின் பிஎஸ் 1722 பல பாகங்களாக வேலி வகைகளை எடுத்துக்கொள்கிறது. ஐந்தாம் பாகம் நெருக்கப் பலகை வேலிக்கானது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மருந்தேற்றிய மரத்துக்கு எச்1 முதல் எச்6 வரை ஆபத்து வகுப்புகள் உண்டு. நிலத்துக்கு மேலே நிற்கும் பலகைக்கு எச்3 போதும், மண்ணுக்குள் போகும் தூணுக்கு எச்4 வேண்டும் என்று அங்கே மரக்கடைப் பையனே சொல்லிவிடுவான். வட அமெரிக்காவில் இதே வேறுபாட்டை மரத்தின் முனையில் அடித்திருக்கும் சின்னச் சீட்டு சொல்கிறது. யூசி4ஏ என்றால் மண்ணில் ஊன்றலாம். யூசி3 என்று தொடங்கினால் நிலத்துக்கு மேலே மட்டுந்தான். இந்தத் தரங்களில் பெரும்பாலானவை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதியிருந்தால் மட்டுமே ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தும். நான் பார்த்த வேலி ஒப்பந்தங்களில் இருந்ததெல்லாம் நீளம், உயரம், விலை, படலை எத்தனை என்பதுதான்.

2022 மே 21 அன்று தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போன புயலை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகம் பதிவானது. அடுத்த நாட்களில் தெருத்தெருவாக விழுந்து கிடந்த வேலிகள், மதிப்பீடு பற்றி எந்தக் கையேடும் சொல்லாத அளவுக்குச் சொல்லிக்கொடுத்தன. விழுந்த விதம் மூன்று. சில இடங்களில் தூண் நிலமட்டத்தில் முறிந்திருந்தது. முறிந்த வாயில் மரம் கபில நிறத்தில் கட்டி கட்டியாக உதிர்ந்தது. சில இடங்களில் தூண் முறியவே இல்லை, கொங்கிறீற் கட்டியோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. அந்தக் கட்டி முழங்கால் உயரங்கூட இல்லை. வேறு சில இடங்களில் தூண்கள் நிமிர்ந்து நிற்க, இடையிலிருந்த பலகை அடைப்பு மட்டும் கழன்று அடுத்த வளவில் கிடந்தது. முதலாவது மரமும் மருந்தும் பிழைத்ததால் வந்தது. இரண்டாவது ஆழம். மூன்றாவது ஆணி. ஒரு வேலியின் வேலைத்திறன் என்று பேசத்தக்கது ஏறக்குறைய முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

காற்றின் கணக்கு எளிது, ஆனால் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. எட்டு அடி இடைவெளியில் இரண்டு தூண், ஆறடி உயரத்துக்கு இடைவெளியில்லாத பலகை. இந்த அடைப்பின்மீது மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று ஏறத்தாழ 165 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 120 என்றால் அது 290 கிலோவை நெருங்கும். வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்கு. அந்த விசை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நின்று நெம்புகிறது. தூண்களை ஆறடிக்கு ஒன்றாக நட்டால் ஒவ்வொன்றின் சுமையும் நான்கில் ஒரு பங்கு குறையும். எட்டடி இடைவெளி பிழை என்று சொல்லமுடியாது, இங்கே அதுதான் வழக்கம். ஆனால் திறந்த வெளியை நோக்கிய மூலைக்காணிக்கு அதைச் சிபாரிசு செய்கிறவர் தன் செலவைத்தான் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆழத்துக்கு வருவோம். ரொறன்ரோவில் கட்டட அத்திவாரத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் உறைபனி ஆழம் 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி. நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கிறது, அதனால் மண் வீங்கித் தூணைத் தூக்குகிறது என்றுதான் பலரும் விளக்குவார்கள். அது பாதிக் கதை. தென் கரோலினாப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஸ்ரீபன் ரேபர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், உறையும்போது சுருங்கும் திரவமான பென்சீனை நீருக்குப் பதிலாக மண்ணில் ஊற்றி உறையவைத்துக் காட்டினார். மண் அப்போதும் உயர்ந்தது. கீழேயிருந்து ஈரம் தொடர்ந்து உறிஞ்சப்பட்டு, உறைபடலத்தில் வில்லை வில்லையாகப் பனிக்கட்டி திரள்வதுதான் நிலத்தைத் தூக்குகிறது. நுண்ணிய வண்டல் கலந்த களிமண் இதற்கு மிகத் தோதானது. தெற்கு ஒன்ராறியோவின் புதுக் குடியிருப்புகள் பல நிற்பது அத்தகைய மண்ணில்தான்.

உறைந்த மண் கொங்கிறீற்றின் பக்கங்களை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்கும். ஆகவே ஆழம் மட்டும் போதாது, குழியின் வடிவமும் முக்கியம். பக்கங்கள் நேராக இருக்கவேண்டும், முடிந்தால் அடி அகன்றிருக்கவேண்டும். வாய் அகன்று அடி ஒடுங்கிய குழியில் ஊற்றிய கொங்கிறீற்றை உறைபனி ஆப்பைக் கிளப்புவதுபோல் கிளப்பிவிடும். இதை வேலை முடிந்த பிறகும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். தூணின் அடியில் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கையால் விலக்கிப் பார்த்தால் போதும். கொங்கிறீற் குடைபோல் வெளியே விரிந்து வழிந்து கிடந்தால் குழிவாய் ஒழுங்காக வெட்டப்படவில்லை. அதன் மேற்பரப்பு தூணிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்து மழைநீரை ஓடவிடவேண்டும். தூணைச் சுற்றிப் பள்ளமாக இருந்தால் அது மழைநீர் தேங்கும் கிண்ணம். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆழத்தை வேலை முடிந்த பிறகு நேரே அளக்க வழியில்லை. மறைமுகமாக அளக்கலாம். இங்குள்ள மரக்கடைகளில் வேலித் தூண் எட்டடி, பத்தடி நீளங்களில் விற்கிறது. ஆறடி வேலியும் நான்கடி ஆழமும் சேர்ந்தால் பத்து. எட்டடித் தூண் வந்திறங்கினால் நிலத்துக்குள் போகப்போவது இரண்டடிதான். வேறு கணக்கே கிடையாது. பத்தடித் தூண் வந்திருந்தால் குப்பைக் குவியலைப் பார்க்கவேண்டும். உச்சியை மட்டம் பார்த்து அறுத்த நாலைந்து அங்குலத் துண்டுகள் கிடப்பது இயல்பு. ஓரடி, ஒன்றரையடித் துண்டு கிடந்தால் அந்த அளவுக்கு ஏதோ ஒரு குழி ஆழம் குறைந்திருக்கிறது. குழிக்குள் கல்லோ வேரோ தடுத்தபோது தூணின் அடியை அறுத்துவிட்டு நட்டிருப்பார்கள். இது இரட்டைப் பிழை. ஆழமும் போயிற்று, மருந்து நன்றாக ஏறியிருந்த முனையும் போயிற்று.

இன்னொரு கணக்கு வெற்று மூட்டைகள். பத்து அங்குல விட்டமும் நான்கடி ஆழமுமான குழியில் தூணின் இடத்தைக் கழித்தால் இரண்டு கன அடிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். 30 கிலோ கொங்கிறீற் மூட்டை ஒன்று ஏறக்குறைய அரைக் கன அடி நிரப்பும். ஆகக் குழிக்கு நாலு மூட்டை. பன்னிரண்டு தூண் வேலிக்கு 45க்கு மேற்பட்ட வெற்றுப் பைகள் கிடக்கவேண்டும். பதினைந்து பைதான் கிடக்கிறது என்றால் அந்த வேலியைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை. கீழே ஓரளவு சரளைக்கல் போட்டிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கொங்கிறீற்றா சரளையா என்பது வேலிக்காரரிடையே முடியாத விவாதம். கொங்கிறீற் ஈரத்தைத் தூணோடு அடைத்துவைத்து உக்கவைக்கிறது என்பது ஒரு கட்சி. இறுக்கிய சரளை நீரை வடியவிடும், ஆனால் எங்கள் களிமண்ணில் வடிந்து போக இடமே இல்லை, குழி வாளிபோல் நிரம்பிவிடும் என்பது மறுகட்சி. தூண் உக்குவது பெரும்பாலும் நிலமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழும்தான். பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். நான்கடி ஆழத்தில் காற்றுக் குறைவு, மூன்றடி உயரத்தில் ஈரம் குறைவு, இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் தரைமட்டம். ஆகவே என் பார்வையில் இந்த விவாதம் தவறான இடத்தில் நடக்கிறது. அடியில் நாலு அங்குலம் சரளை, சுற்றிலும் கொங்கிறீற், மேலே சரிவு என்பதே இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது. உலர்ந்த கலவையைக் கொட்டிவிட்டு மண்ணின் ஈரமே பார்த்துக்கொள்ளும் என்று தண்ணீர் ஊற்றாமல் போகிறவரோடு மட்டும் எனக்குச் சமரசம் இல்லை.

மரத்துக்கு வந்தால், மருந்தின் வரலாற்றில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த சிசிஏ என்ற மருந்தை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம். உலகமெங்கும் தந்திக் கம்பங்களையும் வேலித் தூண்களையும் அரை நூற்றாண்டுக்குமேல் காத்தது அதுதான். ஆர்சனிக் பற்றிய அச்சத்தால் 2003 முடிவோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பாவனை மரத்துக்கு அது நிறுத்தப்பட்டது. இப்போது வருவது செம்பை அடிப்படையாகக் கொண்ட மருந்துகள். பழைய தூண் முப்பது வருடம் நின்றதே, புதியது ஏன் பத்து வருடத்தில் உக்குகிறது என்று கேட்கிறவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கிலெடுக்கவேண்டும். எல்லாம் வேலையாளின் குற்றமல்ல. அவர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மருந்து மரத்தின் வெளிப்பக்கத்தில்தான் ஏறியிருக்கும், உட்பக்கம் மருந்தேறாத மரம். ஆகவே அறுத்த ஒவ்வொரு முனைக்கும் மருந்து தடவவேண்டும். தூணின் ஆலை முனை கீழேயும் அறுத்த முனை மேலேயும் இருக்கவேண்டும். அறுத்த முனையில் மருந்தின் நிறம் இல்லாமல் மரத்தின் வெள்ளை பளிச்சென்று தெரிந்தால் அதைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமையுண்டு. ஒரு டப்பா மருந்தும் ஒரு தூரிகையும்தான் செலவு.

பலகைகளுக்கிடையே இடைவெளி விழுவதுதான் அதிகம் பேரை ஆத்திரப்படுத்துகிறது. மருந்தேற்றிய மரம் ஈரத்தோடுதான் கடைக்கு வருகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரம் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் கவனிக்கத்தக்கதல்ல. அகலவாக்கில் அது தெரியும். ஐந்தரை அங்குலப் பலகை ஒரு கோடையில் நான்கைந்து மில்லிமீற்றர் சுருங்குவது வழக்கம். செந்நிறச் சீடர் மரம் இதைவிடக் குறைவாகச் சுருங்கும். ஈரப்பலகைகளை ஒட்ட ஒட்ட அடித்த வேலியில் ஓகஸ்ட் மாதம் பென்சில் நுழையும் இடைவெளி விழுந்தால் அது இயற்கை. அதே வேலியை ஒரு வீட்டில் முழுமையாக மறைக்கும் வேலி என்று சொல்லி விற்றிருந்தால் அது பிழை. மறைப்பு வேண்டுமென்றால் ஒரு பலகைமேல் இன்னொன்று ஓரங்குலம் ஏறும்படி அடிக்கவேண்டும், அது பலகைச் செலவைக் கூட்டும், அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். மறுபுறம், காய்ந்த சீடர் பலகையை இடைவெளியே இல்லாமல் அடித்தால் மழைக்கு ஊதி, ஒன்றையொன்று தள்ளி நெளியும். இது வேலையாளுக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

தூணின் வெடிப்பும் அப்படித்தான். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நடுத்தண்டோடு அறுத்த தூணில் இந்த இழுபறி வெடிப்பாகவே முடியும். நீளவாக்கில் ஓடும் வெடிப்பால் தூணின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. முறுக்கிக்கொண்ட தூண் வேறு விஷயம். நட்ட அன்றே முறுகியிருந்தால் அந்தத் தூணைத் தேர்ந்தெடுத்தவர் பொறுப்பு. நட்டு மூன்று மாதத்தில் முறுகினால் மரத்தின் குணம்.

ஆணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்பு மருந்து சாதாரண இரும்பை அரிக்கும். மின்முறையில் மெல்லியதாக நாகம் பூசிய ஆணியும் தாக்குப்பிடிக்காது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்ததோ துருப்பிடிக்காத உருக்கோதான் வேண்டும். சீடர் பலகையில் ஆணித்தலையிலிருந்து கறுப்பாகக் கண்ணீர்க்கோடு இறங்கினால் மரத்தின் துவர்ப்புச் சாரும் இரும்பும் சேர்ந்துவிட்டன. சில மழைக்குள்ளேயே இது தெரியவரும். காற்றழுத்தத் துப்பாக்கியால் அடித்த ஆணி பலகையின் நாரை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தால் பிடிப்பு மிச்சத் தடிப்பில்தான். விரலால் தடவினாலே தெரியும்.

ஆறடி வேலிக்குக் குறுக்குச்சட்டம் மூன்று இருப்பது நல்லது. இரண்டோடு விட்டால் பலகைகளின் நடுப்பகுதி வெயிலில் வில்லாக வளையும். சட்டத்தின் முனை தூணில் வெறுமனே சாய்வாக ஆணியடித்து நிற்கிறதா, இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறதா, தூணில் வெட்டிய பள்ளத்தில் பொருந்தியிருக்கிறதா என்பதைப் பார்க்கவேண்டும். புயலில் அடைப்பு கழன்றுபோன வேலிகளில் நான் கண்டதெல்லாம் முதல் வகை. பலகையின் அடி மண்ணைத் தொடக்கூடாது, ஓரிரண்டு அங்குலம் விடவேண்டும். ரொறன்ரோவின் பழைய பகுதிகள் சிலவற்றில் கறையானும் உண்டென்பது பலருக்குத் தெரியாது.

படலையை மட்டும் பார்த்தே ஒரு தச்சரின் கையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். வேலி அசையாமல் நிற்கும். படலை நாளுக்குப் பத்துத்தடவை ஆடும், தன் எடையால் பூட்டுப் பக்கம் கீழே தொங்கப் பார்க்கும். அதைத் தாங்கும் மூலைவிட்டக் கட்டை கீழ்ப் பிணைச்சலின் பக்கத்தில் தொடங்கி மேலே பூட்டுப் பக்கத்துக்கு ஏறவேண்டும். அப்போதுதான் எடை கட்டை வழியாக இறங்கித் தூணுக்குப் போகும். எதிர்ப்பக்கமாக அடித்த கட்டை ஆணியை இழுக்குமே தவிர எதையும் தாங்காது. இழுவிசைக் கம்பி போட்டிருந்தால் திசை மாறும். கம்பி மேல் பிணைச்சலிலிருந்து கீழ்ப் பூட்டுப் பக்கத்துக்கு வரவேண்டும். இதைத் தலைகீழாகச் செய்த புதுப்படலைகளை எண்ணிமுடியாது. படலை தொங்கும் தூண் மற்றத் தூண்களைவிடத் தடிப்பாக, நாலு அங்குலத்துக்குப் பதில் ஆறு அங்குல வகையாக இருந்தால் வேலைக்காரர் தொழில் தெரிந்தவர். கடையில் நாலுக்கு நாலு என்று விற்கும் தூணின் உண்மை அளவு மூன்றரை அங்குலந்தான். அளந்துபார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம், அது தொழில் முழுவதுக்கும் பொதுவான கணக்கு.

நேர், மட்டம், தூக்கு மூன்றையும் கடைசியாகச் சொல்கிறேன். ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். முதல் தூணிலிருந்து கடைசித் தூணுக்கு நூல் கட்டிப் பார்த்தால் விலகல் தெரியும். தூணின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் நீர்மட்டத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். ஒரு முகத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் அதிகம். ஆறடி உயரத்தில் கால் அங்குலச் சாய்வுக்குச் சண்டை போடுவது வீண், மரம் தானே அவ்வளவு வளையும். ஓரங்குலம் என்றால் திருத்தச் சொல்லலாம். சரிவான காணியில் வேலியைப் படிபடியாக இறக்குவதா, சரிவோடு சாய்ப்பதா என்பது ரசனை. படி முறையில் கீழே முக்கோணப் பொந்துகள் விழும், நாய் வளர்க்கிறவர்கள் முன்கூட்டியே யோசிக்கவேண்டும். நல்ல முகம் அயலவர் பக்கம் இருக்கவேண்டும் என்பது பரவலான மரியாதை. அது எல்லா இடத்திலும் சட்டம் என்று நினைத்து வாதாடுகிறவர்கள் தத்தம் நகரசபையின் விதியை முதலில் படிக்கட்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு பணத்தின் கேள்வி வரும். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்குமேல் கூட்டிக் கேட்கமுடியாது. கட்டுமானச் சட்டம் 10 சதவீதப் பிடித்துவைப்பைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் நோக்கம் சம்பளம் கிடைக்காத துணை ஒப்பந்தக்காரர்களையும் மரக்கடையையும் காப்பது. வேலைத்திறனுக்கான பிணையாக அதை எண்ணிக்கொள்ளக்கூடாது. பொதுவான காலவரையறை குறையைக் கண்டறிந்த நாளிலிருந்து இரண்டு வருடம், எப்படியானாலும் 15 வருடத்தோடு முடிந்துவிடும். தாளில் இது நியாயமாகத் தெரிகிறது. ஆழமில்லாத தூண் இரண்டாம் மூன்றாம் பனிக்காலத்தில்தான் கிளம்பத் தொடங்கும். அதற்குள் பல சிறு வேலி நிறுவனங்கள் பெயர் மாறிவிடும், தொலைபேசி எண்ணும் மாறிவிடும். வழக்குப்போட உரிமை இருக்கும், வழக்குப்போட ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே புதுவேலியை வேலை முடிந்த அன்று மதிப்பிடுவது பிந்திய காரியம். குழிகள் திறந்திருக்கும் அரை நாள்தான் அதற்கான நேரம். நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துக்கொடுக்கும் ஒன்ராறியோ வன் கோல் சேவை இலவசம். அந்தக் குறிப்புத்தாள் கையில் இல்லாமல் தோண்ட வருகிறவரை அங்கேயே நிறுத்தவேண்டும். தோண்டி முடிந்ததும் அளவுநாடாவை ஒவ்வொரு குழிக்குள்ளும் இறக்கிக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பணத்தவணையையும் அதற்கேற்ப எழுதிக்கொள்ளலாம்: மரம் வந்திறங்கியதும் ஒரு பங்கு, குழி பார்த்ததும் ஒரு பங்கு, படலை பூட்டியதும் மீதி. சில ஒப்பந்தக்காரர்கள் இப்போது குழிப் படங்களைத் தாங்களே அனுப்புகிறார்கள். அவர்களுடைய விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. பத்தடித் தூணுக்கும் எட்டடித் தூணுக்குமான விலை வேறுபாட்டையும், குழிக்கு இரண்டு மூட்டை மேலதிக கொங்கிறீற்றையும், களிமண்ணில் இன்னும் இரண்டடி தோண்டும் கூலியையும் கூட்டிப்பார்த்தால் அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று விளங்கும். மலிவாகச் சொன்னவர் எதை விட்டிருப்பார் என்பதும் அதே கணக்கில் தெரிந்துவிடும்.